மூன்று தட்டு

ஜூன் 3

அன்பு, அடி, உதை மூன்றையும் அள்ளித் தரும் அக்காவுக்கு,

வால் எழுதுகிறேன். நீ வைத்த பெயர்தான், இப்போதுதான் பொருந்தியிருக்கிறது. பல்லி வால் மாதிரி உடம்பை விட்டுக் கழன்று வந்து எட்டு நாளாகிறது. இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறேன், அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே.

கிளம்பும்போது வாசலில் நின்று, "போன் பண்ணாத. உன் குரல இந்த வீட்டுல இனிமே யாரும் நம்பமாட்டோம். சொல்றத எழுது" என்றாய். எழுதுகிறேன். பிழைக்குப் பிழை குட்ட உன் கை இங்கே எட்டாது என்பது ஒரு வசதி.

இந்த ஊரை நகரம் என்கிறார்கள். நான் வந்த நாளிலிருந்து ஒன்றும் நகரவில்லை. பேருந்துக்கு மட்டும் சரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், நூறு பேர் உந்தினால்தான் உள்ளே போக முடிகிறது. நான் ஏறவில்லை, ஏற்றப்பட்டேன். இறங்கவும் இல்லை, பிதுங்கினேன். ஒரு செருப்பு இன்னும் அந்தப் பேருந்தில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதல் நாள் சாலையைக் கடக்க அரைமணி நேரம் நின்றேன். கண் தெரியாத ஒருவர் வந்தார், கம்பை நீட்டினார், நடந்தார். மொத்தச் சாலையும் நின்றது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் கடந்துவிட்டேன். அந்தப் பக்கம் போனபிறகுதான் தெரிந்தது, எனக்கு வேலை இந்தப் பக்கம்.

இவர்கள் பேசும் மொழி ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. எல்லோரும் மொழி பேசுகிறார்கள், நான் முழி பேசுகிறேன். தங்கியிருப்பது நான்காவது மாடியில் ஒரு அறை. கன்னத்தில் விழுமே, கிட்டத்தட்ட அந்த அறைதான். எட்டுப் பேர், ஐந்து பாய். ஒருவன் எழுந்தால்தான் இன்னொருவன் படுக்கலாம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல், அதில் ஒரு அம்மாள் எங்கள் அறைக்குள் கையை விட்டுத் தன் துணியைக் காயப்போடுகிறாள். குழாயடியில் வாளிகளே வரிசையில் நிற்கின்றன, மனிதர்கள் நிற்பதில்லை. ஒரு வாளியை ஒரு அடி தள்ளிவைத்து விளையாடலாம் என்று தொட்டேன். முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இந்த ஊரில் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் பேச்சு அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாக அப்பா போனில் சொன்னது என்ன? "மணிக்கூண்டுக்குப் பின்னாடி, நீலக் கண்ணாடிக் கட்டடம், அங்கதான் இப்ப தரையில ஓடு ஒட்டுறேன்." மணிக்கூண்டைப் பிடித்துவிட்டேன். அதன் பின்னால் நீலக் கண்ணாடிக் கட்டடம் பதினேழு இருக்கிறது. இந்த ஊரில் நீலக் கண்ணாடி போடாதது என் மூஞ்சி மட்டும்தான். ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

அம்மா இன்னும் ஐந்து மணிக்குப் போகிறாளா? அதை மட்டும் எழுது.

உன் வால்

(கீழே தையற்கடை முகவரி எழுதியிருக்கிறேன். தைக்கிறவர் கடிதம் வாங்கி வைப்பார்.)


ஜூன் 9

தம்பிக்கு,

போகிறாள். நீ போனபிறகு ஒரு நாளும் தவறவில்லை.

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பேன் என்று நினைத்தாயா? ஓரிடத்தில் சிரித்துத் தொலைத்தேன். அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். உனக்கு நினைவு மங்கியிருந்தால் நான் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் அப்பா வேலைக்குப் போனார். ஒரு வருஷம் வாரம் தவறாமல் பேசினார். பிறகு இரண்டு வருஷம் ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் கடிதமும் இல்லை. போன ஏப்ரலில் வீட்டுப் போன் அடித்தது, அம்மா எடுத்தாள், "நான்தான். வரேன். சாயங்காலம் அஞ்சு மணி வண்டியில வரேன்" என்று அவர் குரல் சொன்னது. அம்மா தலைவாரி, நல்ல புடவை கட்டி, பேருந்து நிறுத்தத்தில் இருட்டும்வரை நின்றாள். நீ என்ன செய்தாய்? நிழற்குடைக்குப் பின்னால் நின்று பார்த்தாய். பார்த்துவிட்டு வந்து, மறுநாள் என்னிடம் சொன்னாய், அது நீ பேசியது என்று.

அம்மாவிடம் நானும் சொன்னேன், நீயும் காலில் விழுந்து சொன்னாய். "சரி" என்றாள். ஐந்து மணிக்குப் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். சோறு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கிற எனக்குக்கூட இதற்கு மருந்து தெரியவில்லை.

அதற்கு முன்னால் நீ செய்ததும் எனக்கு மறக்கவில்லை. போன வருஷம் ஆறு மாதம், ஞாயிறு தவறாமல் போன் வரும். எடுத்தால் பேச்சு இருக்காது. பல்லைத் தட்டுவதுபோல ஏதோ ஒரு சத்தம் மட்டும். "நீதானடா?" என்று கேட்டபோது பல்லிளித்துக்கொண்டு "நானேதான்" என்றாய்.

அப்பா தரையில் ஓடு ஒட்டிவிட்டுச் சுத்தியல் காம்பால் தட்டிப் பார்ப்பாரே, இரண்டு ஓரத்தில் இரண்டு, நடுவில் ஒன்று. அடியில் கலவை பிடித்திருந்தால் டக் என்னும், காற்று நின்றால் பொக் என்னும். உன் கடிதங்களை நான் அப்படித்தான் தட்டிப் பார்ப்பேன். இதுவரை பொக் என்றுதான் கேட்கிறது.

அவரைக் கூட்டிக்கொண்டு வா. இல்லையென்றால் வராதே.

அக்கா


ஜூன் 15

அக்கா,

உன் கடிதம் மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. கசப்பு, மூன்று வேளை. விழுங்கிவிட்டேன்.

அந்தப் பேசாத போன் நான் செய்ததில்லை. சத்தியம். நீ கோபப்பட்டால் உன் மூக்கு விடைப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது, அதனால் "நானேதான்" என்றேன். செய்யாத சேட்டைக்கும் பெயர் வாங்கிக்கொள்கிற ஆசை. வேறு யாரோ வம்பன் செய்த வேலை. நீ நம்பமாட்டாய். நம்பாதே, போ.

வேலை கிடைத்துவிட்டது. தரை ஓட்டுப் பெட்டி சுமக்கிறேன். ஏழு மாடி, மின்தூக்கி இன்னும் மாட்டவில்லை. ஒரு பெட்டி முப்பது கிலோ. முதல் நாள் மூன்றாவது மாடியில் என் உயிரை இறக்கிவைத்துவிட்டு, பெட்டியை மட்டும் ஏழாவது மாடிக்குக் கொண்டுபோனேன். ஏன் இந்த வேலை என்றால், ஓடு சுமக்கிறவனை எந்தக் கட்டடத்துக் காவலாளியும் தடுப்பதில்லை. கழிப்பறை கழிப்பறையாகப் போய்த் தேடலாம். எதைத் தேடுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

நம் வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் கீழ்வரிசையில் ஒரு ஓடு மட்டும் தலைகீழாக இருக்குமே? "எல்லாம் சரியா இருந்தா யாரு ஒட்டினதுன்னு எப்படித் தெரியும்?" என்பாரே அப்பா. அதைத்தான்.

இங்கே நம் மொழி பேசும் ஒரே ஜீவன் எங்கள் கூட்டத்தில் ஒரு கலவைக்காரர். வாய் மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று நினைக்கிறவர், அதனால் ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி மாதிரி, காவலாளி மாதிரி, கட்டிங் மிஷின் மாதிரியெல்லாம் பேசிக்காட்டுவேன். நேற்று ரேடியோ கேட்டார்: "டேய், நம்ம கம்பெனியோட இன்னொரு கட்டடம் ஆத்துப் பக்கம் நடக்குதில்ல? அங்க ஒரு ஊமை இருக்கான். ஓடு ஒட்டினா நூல் புடிச்ச மாதிரி இருக்கும். கோவம் வந்துச்சுன்னா கையக் கால ஆட்டுவான் பாரு! அவன மாதிரி செஞ்சு காட்டு."

"நான் அவரப் பார்த்ததே இல்லியே?"

"பார்த்துட்டு யாரு வேணா செய்வான். பார்க்காம செய்யி, அதுதான்டா தெறம."

செய்தேன். வாயைக் கோணி, கலவைக் கரண்டியை வீசி, கழுத்து நரம்பு புடைக்க, காற்று மட்டும் வருகிற மாதிரி. மேஸ்திரி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தண்ணீர் முழுக்க அவர் மேலேயே. நானே சொல்லக்கூடாது, அபாரம்.

இப்போது உட்கார்ந்துகொள். நேற்று பதினொன்றாவது நீலக் கட்டடம். மூன்றாவது மாடிக் கழிப்பறை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடித்து உள்ளே போனேன். கதவுக்குப் பின்னால், கீழ்வரிசை. எல்லா ஓட்டிலும் போட்ட இலைப் படம் மேலே பார்க்கிறது, ஒன்றில் மட்டும் கீழே பார்க்கிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் சத்தமாக அழுதுவிட்டேன்போல. மலச்சிக்கல் என்று நினைத்து வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டி ஆறுதல் சொன்னார்.

இருந்திருக்கிறார் அக்கா. இங்கே இருந்திருக்கிறார். தட்டிப் பார், டக் என்று கேட்கிறதா இல்லையா?

வால்


ஜூன் 24

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. காத்திருந்தால் இதை எழுதாமலே இருந்துவிடுவேன்.

அந்தக் கட்டடத்தின் பழைய காவலாளியைத் தேடிப்பிடித்தோம். ரேடியோதான் கேட்டுச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே ஓடு ஒட்டியவர்களில் ஒருவர் எந்நேரமும் பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பாராம். மொழி புரியாவிட்டாலும் எல்லோரும் சிரிப்பார்களாம். நம் ஆள்தான். ஒரு நாள் கட்டிங் மிஷின் தகடு உடைந்து தெறித்தது. காவலாளி அதைச் சொல்லும்போது கழுத்துக்குக் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்தார். சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இரத்தம் பட்ட ஓடுகளைப் பெயர்த்துவிட்டுப் புதிது ஒட்டினார்கள், அந்த இடத்தில் தலைகீழாக ஒன்றும் இல்லை.

பெரிய மருத்துவமனைக்கு மூன்று நாள் போனேன். அங்கே வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் வளைந்து திரும்பவும் வாசலுக்கே வருகிறது. யார் முதல், யார் கடைசி என்று யாருக்கும் தெரியாது. உள்ளே போனால் என்றைக்கு வந்தார் என்று தேதி கேட்கிறார்கள். எனக்குத் தேதி தெரியாது. "எங்க அப்பா" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஊரில் அது ஒரு முகவரி இல்லை அக்கா.

மிச்சம் ஆறு கட்டடமும் பார்த்துவிட்டேன். எல்லா இலையும் மேலேயே பார்க்கிறது.

திரும்பும்போது கூட்டம் தள்ளிக்கொண்டே போனது. யாரோ என் தோளில் சாய்ந்தபடி, யாரோ என் காலை மிதித்தபடி. இத்தனை லட்சம் பேரில் ஒருவர் குறைந்தால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. அப்பா இங்கே விழுந்த இடத்தில் மறுநிமிஷமே நாலு பேர் நின்றிருப்பார்கள்.

"கழுத்துல பட்டா ஆளு பொழைக்குமாண்ணே?" என்று ரேடியோவிடம் கேட்டேன். வாய் ஓயாத மனிதர் எழுந்துபோய்க் கலவையைக் கிளற ஆரம்பித்தார். கலவை ஏற்கெனவே கிளறித்தான் இருந்தது.

அம்மாவிடம் என்ன சொல்ல? நீ சொல்லு. எனக்கு ஒரு சிலேடைகூட வரவில்லை.


ஜூன் 29

தம்பி,

அம்மா செவ்வாய்க்கிழமை நிறுத்தத்தில் மயங்கி விழுந்தாள். மழை. நடத்துநரும் இரண்டு பெண்களும் தூக்கி வந்தார்கள். காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. டாக்டர் படுக்கையைவிட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஐந்து மணிக்கு எழுகிறாள். நான் கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறேன். "நகருடி, வண்டி வந்துடும்" என்கிறாள். நகர்ந்தால் நிறுத்தத்துக்குப் போய்விடுவாள், நகராவிட்டால் என் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

உன் கடிதத்தை நான்கு தடவை தட்டிப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை தம்பி. நீ எத்தனை தடவை என்னை ஏமாற்றியிருக்கிறாய் தெரியுமா? இரத்தம் என்று சிவப்பு மையைக் காட்டினாய். பள்ளிக்கூடத்திலிருந்து வாத்தியார் குரலில் பேசி என்னை ஓடவைத்தாய். இப்போது இது உண்மையா, அடுத்த கடிதத்தில் "ஏமாந்தியா" என்று எழுதுவாயா என்று தெரியாமல் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது.

இருக்கிறார், அல்லது இல்லை. இரண்டில் ஒன்றை எழுது. இல்லை என்றால் இல்லை என்றே எழுது. அம்மாவை உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன். ஒரேயடியாக அழட்டும். இப்படித் தினமும் புடவை மாற்றிக்கொண்டு சாகவேண்டாம்.

அக்கா


ஜூலை 5

அக்கா,

இருக்கிறார்.

விளையாடவில்லை. கடைசிவரை படி, பிறகு தட்டிப் பார்.

திங்கட்கிழமை ஆற்றுப் பக்கத்துக் கட்டடத்தில் ஆள் குறைவு என்று என்னை அங்கே பெட்டி சுமக்க அனுப்பினார்கள். ஐந்தாவது மாடி. குளியலறையில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கையைக் கழுவலாம் என்று குனிந்தேன். கதவுக்குப் பின்னால், கீழ்வரிசை. கோடு போட்ட ஓடு, ஒன்றில் மட்டும் கோடு மாறிப் போகிறது. தொட்டேன், விரலில் கலவை ஒட்டியது. இன்னும் காயவில்லை.

அடுத்த அறையில் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். டக், டக்… டக்.

போனேன். முழங்காலில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர். முதுகு பாதியாகிவிட்டது, முடி வெள்ளை. "அப்பா" என்றேன். அக்கா, நான் யாரைப்போலவும் பேசவில்லை. என் வாயிலிருந்து அவர் குரல் வந்தது. அவர் போகும்போது எனக்குக் கீச்சுக் குரல், இந்த மூன்று வருஷத்தில் அது உடைந்து, எனக்குத் தெரியாமலே அவர் குரல் என் தொண்டையில் வந்து உட்கார்ந்துவிட்டது. தன் குரல் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவதைக் கேட்டு அவர் திரும்பினார். கழுத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தழும்பு. வாயைத் திறந்தார். காற்று மட்டும்தான் வந்தது.

அந்த ஊமை அவர்தான். நான் செய்துகாட்டிய ஊமை. ஏழாவது மாடியில் எல்லோரும் சிரித்தார்களே, அவர். எப்படிச் செய்தேன் தெரியுமா, கழுத்து நரம்பு புடைக்க, காற்று மட்டும் வருகிற மாதிரி. அப்படியேதான் இருந்தார். ஒன்றுகூடத் தப்பில்லை.

ஏன் சொல்லவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டேன். உதடு அசைகிறது, எனக்குப் புரியவில்லை. எழுதவும் தெரியாது. அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். அவர் உதட்டை என் உதட்டில் போட்டுக்கொண்டேன். அவர் அசைக்கிற மாதிரியே அசைத்து, நான் சத்தத்தைக் கொடுத்தேன். மூன்று நாள், சாப்பாட்டு நேரமெல்லாம். இப்போது வார்த்தை வார்த்தையாக வருகிறது.

பிழைத்து எழுந்து நடக்க நாலு மாதம் ஆனதாம். நடக்க முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு எண்ணைச் சுற்றினாராம். அது மட்டும்தான் அவருக்கு மனப்பாடம். பேச முடியாது, சுற்றி இருக்கிறவர்களுக்கு நம் மொழி தெரியாது. அதனால் ஓட்டுத் துண்டை வைத்துக்கொண்டு தட்டினாராம். இரண்டு ஓரம், ஒரு நடு. நாம் கண்டுபிடித்துவிடுவோம் என்று. ஆறு மாதம், ஞாயிறு தவறாமல்.

அந்தப் போன்கள் அக்கா.

கடைசி ஞாயிறு என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் உதடு அசைந்தது, நான் என் வாயில் போட்டேன், என் வாயிலிருந்து இது வந்தது: "இங்க அப்பான்னு யாரும் இல்ல. அவரு செத்துட்டாருன்னு தலைமுழுகியாச்சு. இனிமே கூப்பிடாத."

இதை எனக்கு யார் சொல்லியிருக்க முடியும்? நீ யாரிடம் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னாயா என்றுகூடத் தெரியாது. தட்டிப் பார்.

அவர் வரமாட்டேன் என்கிறார். "செத்தவன் எதுக்கு, அதுவும் ஊமையா" என்று அவர் உதடு சொன்னது. அதற்கும் நான்தான் குரல் கொடுத்தேன்.

வால்


ஜூலை 10

என் தம்பிக்கு,

டக் என்றுதான் கேட்கிறது. தரை முழுக்கக் கேட்கிறது.

நான்தான் சொன்னேன். அம்மா கொல்லையில் துவைத்துக்கொண்டிருந்தாள். நீ கடைக்குப் போயிருந்தாய், அங்கிருந்து அடிக்கிறாய் என்று நினைத்தேன். உன்னை ஒரேயடியாக நிறுத்தவேண்டும், அப்பா பேச்சை எடுத்தால்தான் உனக்கு உறைக்கும் என்று, வாயில் வந்ததிலேயே பெரியதைச் சொன்னேன். அன்றைக்கு அந்தப் பக்கம் தட்டுவது நின்றது. கொஞ்ச நேரம் யாரோ மூச்சுவிட்டார்கள். நான் வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இத்தனை மாதம் உன்னை ஏசினேனே, அம்மா ஒரு பொய்க் குரலை நம்பி நின்றாள், நான் ஒரு மெய்யான தட்டை வெட்டிவிட்டேன். யார் பெரிய பாவி என்று நாம் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அவரிடம் சொல். இல்லை, சொல்லாதே. நானே சொல்கிறேன். எப்படி என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் போன் போடு. அம்மாவை எடுக்கவைக்கிறேன். நீ வாயைத் திறக்காதே, ஒரு எழுத்துகூட வேண்டாம். நீ திறந்தால் அது அவர் குரல், எல்லாம் கெட்டுப்போகும். அவரைத் தட்டச் சொல். அம்மாவுக்குத் தெரியும். என்னைவிட அவளுக்குத் தெரியும்.

அக்கா


ஜூலை 17

அக்கா,

நேற்று உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும். என் பக்கம் நடந்ததை எழுதுகிறேன்.

மணிக்கூண்டுக்கு எதிரே ஒரு கடை வாசலில் கண்ணாடி போட்ட போன் கூண்டு. அப்பா குளித்து, சட்டையைக் கையால் நீவி நீவி மடிப்பெடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு ஓட்டுத் துண்டு, சுத்தியல். வெளியே அத்தனை வண்டியும் ஒலித்தது. கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். நீ எடுத்தாய். "அம்மா, இந்தா, உனக்குத்தான்" என்றாய். அப்பா தட்டினார். முதல் தட்டு சரியாக விழவில்லை, மறுபடியும் தட்டினார். டக், டக்… டக்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"வாலு, நீதானேடா?"

நீ பக்கத்தில் கத்துவது கேட்டது. "அம்மா, அது அப்பா! அப்பாம்மா!"

"அவரா? அவரு இப்படியாடி பேசாம இருப்பாரு? வாய் ஓயாத மனுஷன்." மறுபடியும் எங்களிடம்: "கண்ணு, அன்னிக்குப் பேசினதும் நீதான்னு எனக்கு ரெண்டாவது வார்த்தையிலயே தெரியும்டா. பெத்தவளுக்குத் தெரியாதா? வரேன்னு ஒரு குரல் சொல்லுச்சு, அது போதும்னுதான் போய் நின்னேன். இப்ப எதுக்குத் தட்டிக்கிட்டு இருக்கே? அவரு மாதிரி ஒரு தடவ பேசுடா. நான் தூங்கிடுவேன்."

ரிசீவர் எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் இருந்தது. அப்பாவும் கேட்டார். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. அதற்கு மட்டும் என் வாயில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "பேசுடா" என்றார்.

அக்கா, பேசியிருக்கலாம். ஒரே வார்த்தை. வாயைத் திறந்தால் போதும், நடிக்கக்கூட வேண்டாம். பிறந்ததிலிருந்து வாய்க்குப் பூட்டு இல்லாதவன் நான், நேற்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உனக்குக் கொடுத்த வாக்கு என்பதால் மட்டும் இல்லை. அவர் உயிரோடு என் தோளில் சாய்ந்து நிற்கும்போது அவர் குரலை நான் எடுத்துக்கொண்டால், அப்புறம் அவருக்கு என்ன மிச்சம்?

அம்மா "ஹலோ, ஹலோ" என்றாள். பிறகு தொடர்பு அறுந்தது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் நான் அப்பா மாதிரி பேச வேண்டும் என்று போன் போடவில்லை. வர நேரமாகும் என்று சொல்லத்தான் போட்டேன். "ஹலோ" என்றேன். அம்மா, "நீங்களா?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது தெரியுமா? இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "நான்தான்" என்றேன். பாதி சேட்டை, பாதி என்னவென்று எனக்கே தெரியவில்லை. இப்போது தெரிகிறது, ரெண்டாவது வார்த்தையில் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

கூண்டிலிருந்து அறைக்கு நடந்து வந்தோம். கூட்டத்தில் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், சின்ன வயதில் பிடிப்பாரே, அப்படி. அறைக்கு வந்ததும், தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் துண்டில் சுற்றினார். கரண்டியைக் கழுவித் துடைத்தார். சுத்தியலைப் பையில் போட்டார். "எங்கப்பா?" என்றேன். உதடு சொன்னது: "அவ நிக்கிறாள்ல."

ஐந்தாவது மாடியில் ஒரு தரை பாதியில் நிற்கிறது. அதை முடிக்காமல் வரமாட்டார், உனக்குத் தெரியும், காலையில் அதே பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சனிக்கிழமை முடியும். வண்டி ஏறினால் ஞாயிறு மாலை ஊரில் இருப்போம். ரேடியோ வழியனுப்ப வருகிறேன் என்று அழுகிறார், பேசிக்கொண்டேதான் அழுகிறார்.

நிறுத்தத்தில் யாரும் நிற்க வேண்டாம். அம்மாவைப் படுக்கையிலிருந்து எழுப்பாதே. கதவைச் சாத்தியே வை. நீ வாசற்படியில் உட்காராதே, ஜன்னல் பக்கம் நில்.

ஐந்து மணிக்குக் கதவு மூன்று தடவை தட்டப்படும். அம்மா உள்ளேயிருந்து, "வாலு, நீதானேடா?" என்று கேட்பாள். அப்போது நீ ஜன்னல் வழியாகப் பார். தெருவே பார்க்க, நான் படிக்குக் கீழே, கதவுக்குக் கை எட்டாத தூரத்தில் நின்றுகொண்டிருப்பேன். வாய் மூடியிருக்கும். என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருக்கும்.

பார்த்ததை அம்மாவிடம் சொல்.

தம்பி